பழைய புல்லட் கிளம்ப மறுக்கிறதா? ஸ்டார்ட்டிங், கரண்ட் கோளாறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. அதன் திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருந்த வார்ப்பிரும்பு எஞ்சின் 350 புல்லட்டுக்கானது இந்தப் பக்கம். கிக்கரை மிதித்து ஸ்டார்ட் செய்கிற, கான்டாக்ட் பாயிண்ட் (திறந்து மூடி ஸ்பார்க்குக்கான கரண்டை வெட்டும் சின்ன சுவிட்ச்) வைத்த, ஹெட்லைட் டூமில் ஆம்மீட்டர் (கரண்ட் பாட்டரிக்குள் போகிறதா வெளியே வருகிறதா என்று காட்டும் மீட்டர்) பதித்த வண்டி. பிறகு வந்த எலக்ட்ரா போன்ற மின்னணு இக்னிஷன் வண்டிகளுக்கு பாயிண்ட், கண்டன்சர் (பாயிண்டோடு சேர்ந்து வேலை செய்யும் சின்ன மின்தேக்கி) பற்றிய பதில்கள் பொருந்தாது. பாட்டரி, எர்த் (கரண்ட் வண்டி உடம்பு வழியாகப் பாட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), சார்ஜிங் பற்றியவை பெரும்பாலும் பொருந்தும்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. எந்த பாகத்தை மாற்ற வேண்டும்?

எதையும் மாற்ற வேண்டாம், இப்போதைக்கு. இந்த வண்டிக்குச் செலவு வைப்பதே இந்தக் கேள்விதான். காயில் (பாட்டரி கரண்டிலிருந்து ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் சுருள்) மாற்றி, கண்டன்சர் மாற்றி, பிளக் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றி மாட்டி, கடைசியில் பாட்டரி எர்த் வயரின் நட்டு லூஸாக இருந்தது தெரியவரும். அதற்குள் நன்றாக இருந்த நாலு பாகம் குப்பைக்குப் போயிருக்கும். அவற்றுக்குப் பதிலாக வந்த புதுசு பழசின் தரத்துக்கு வராது.

எஞ்சினுக்கு வேண்டியது மூன்று: சரியான நேரத்தில் ஸ்பார்க், பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை, கம்ப்ரஷன். மூன்றில் எது இல்லை என்று முதலில் கண்டுபிடியுங்கள். பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, கில் சுவிட்ச் இருந்தால் அது ஆன் நிலையில் இருக்கிறதா, பிளக் கேப் அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகாது. அதற்கடுத்து கண்ணை ஆம்மீட்டர் மேல் வையுங்கள்.

ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

ஸ்டார்ட்டிங் கோளாறில் பாதிக்கு மேல். பலர் அதை அழகுக்கு வைத்ததாக நினைக்கிறார்கள். ரிப்பேருக்குப் பயந்து கழற்றி, இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றிய வண்டிகள் நிறைய ஓடுகின்றன. அந்த வண்டிகளில் முதல் வேலையாக ஆம்மீட்டரைத் திரும்ப மாட்டச் சொல்வேன்.

12 வோல்ட் வண்டியின் இக்னிஷன் காயிலில் பிரைமரி (பாட்டரி கரண்ட் ஓடும்) சுற்றின் தடை ஏறத்தாழ 3 முதல் 4 ஓம். பாயிண்ட் மூடியிருக்கும்போது சாவி போட்டால் 3, 4 ஆம்பியர் காயில் வழியாக ஓடும். முள் மைனஸ் பக்கம் அந்த அளவுக்குச் சாயும். பாயிண்ட் திறந்தால் ஓட்டம் நிற்கும், முள் நடுவுக்கு வரும். லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு, சாவியைப் போட்டு, கிக்கரைக் கையாலோ காலாலோ மெதுவாகக் கீழே தள்ளிக்கொண்டே முள்ளைப் பாருங்கள்.

முள் மைனஸுக்குச் சாய்ந்து, ஒரு இடத்தில் நடுவுக்கு வந்து, மறுபடி சாய்கிறது என்றால் பாட்டரி, ஃபியூஸ், சாவி சுவிட்ச், காயிலின் பிரைமரி, பாயிண்ட் எல்லாம் வேலை செய்கின்றன. அப்படியும் பிளக்கில் ஸ்பார்க் இல்லையென்றால் கண்டன்சர், காயிலின் செகண்டரி (பிளக்குக்குப் போகும் சுற்று), பிளக் வயர், கேப், பிளக் ஆகியவற்றில்தான் தேட வேண்டும்.

முள் நடுவிலேயே அசையாமல் இருந்தால் கரண்ட் காயில் வரை போகவில்லை, அல்லது போய்த் திரும்பி வர வழியில்லை. பாட்டரி, ஃபியூஸ், சாவி சுவிட்ச், அறுந்த வயர் என்று வரிசையாகப் பாருங்கள். பாயிண்டின் முகத்தில் எண்ணெயோ பாசியோ படிந்திருந்தாலும் இதே நிலைதான். மழைக்காலத்தில் சில வாரம் நின்ற வண்டியில் காரணம் பெரும்பாலும் பாயிண்ட் முகம்தான்.

முள் மைனஸில் 3, 4 ஆம்பியரிலேயே நின்று, கிக்கரை எவ்வளவு சுற்றினாலும் நடுவுக்கு வரவில்லை என்றால் பாயிண்ட் திறக்கவே இல்லை, அல்லது திறந்தும் கரண்ட் வேறு வழியில் எர்த் ஆகிறது. இடைவெளி அறவே குறைந்திருக்கலாம், கண்டன்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம், பாயிண்டுக்கு வரும் வயர் உடம்பில் உரசிக்கொண்டிருக்கலாம். புதுப் பாயிண்ட் மாட்டிய உடனே இப்படி ஆனால், ஸ்பிரிங்குக்கு அடியிலுள்ள இன்சுலேஷன் வாஷர் வரிசை மாறிப் போயிருக்கிறது.

சாவி போட்டதும் முள் கடைசிவரை அடித்துக்கொண்டு போனால் எங்கோ முழு ஷார்ட். உடனே சாவியை எடுங்கள், பாட்டரி வயரைக் கழற்றுங்கள். பிறகுதான் தேடல்.

எவ்வளவு பலமாக மிதித்தாலும் கிளம்பவில்லை. உதைக்கும் முறை தவறா?

பலத்துக்கும் இந்த எஞ்சினுக்கும் சம்பந்தம் குறைவு. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட ஒற்றை பிஸ்டன். பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது உதைக்கிறீர்கள் என்பதே முக்கியம். அந்த இடத்தையும் ஆம்மீட்டரே காட்டிவிடும்.

பெட்ரோலைத் திறந்து, குளிர்ந்த எஞ்சின் என்றால் சோக் போட்டு, சாவியைப் போடாமல் டீகம்ப்ரஸர் (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் சின்ன வால்வு) லீவரைப் பிடித்தபடி இரண்டு மூன்று முறை கிக்கரை ஓட்டுங்கள். இப்போது சாவி. கிக்கரை மெதுவாக இறக்கினால் ஒரு இடத்தில் காலுக்குக் கெட்டியாகத் தட்டும், அந்த இடத்தையொட்டி முள் மைனஸிலிருந்து நடுவுக்கு வரும். பாயிண்டை இயக்கும் கேம் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு சுற்று சுற்றுவது. அதனால் முள் நடுவுக்கு வருவது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் முடிவில்தான், ஏமாற்றாது. டீகம்ப்ரஸரைப் பிடித்து, கிக்கரை ஒரு துளி மட்டும் அந்த இடத்தைத் தாண்டவிட்டு, லீவரை விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், கால் முழுக்க இறங்கும்படி ஒரே சீராக மிதியுங்கள். வெடுக்கென்று குத்த வேண்டாம். வழுவழுவென்று முழு நீளமும் போக வேண்டும்.

இதைப் பழகியவர்கள் அறுபது வயதுக்கு மேலும் செருப்புக் காலோடு வண்டியைக் கிளப்புகிறார்கள். செருப்போடு செய்யுங்கள் என்று சொல்லவில்லை, ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

கிக்கர் திருப்பி அடிக்கிறது. ஆபத்தா?

ஆபத்துதான். கணுக்கால் உடையும், கிக்கர் உள் பல்லும் உடையும். இரண்டு மூன்று முறை திருப்பி அடித்தால் அதற்கு மேல் உதைக்காமல் டைமிங்கைப் பாருங்கள்.

பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே மிக முன்கூட்டி ஸ்பார்க் விழுந்தால் பிஸ்டன் வந்த வழியே தள்ளப்படும். இந்த 350க்கு நிலையான அளவு, பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்குவது. பாயிண்ட் பிளேட்டை யாராவது திருப்பி வைத்திருந்தால் அளவு மாறியிருக்கும். பாயிண்ட் இடைவெளியை அதிகமாக வைத்தாலும் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னேறும்.

யாரும் கையே வைக்காத வண்டி திடீரென்று திருப்பி அடிக்க ஆரம்பித்தால், பாயிண்ட் பிளேட்டுக்குப் பின்னால் உள்ள ஆட்டோ அட்வான்ஸ் யூனிட்டைப் பாருங்கள். வேகம் கூடக்கூட இரண்டு எடைகள் வெளியே விரிந்து ஸ்பார்க்கை முன்னே தள்ளும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுக்க வேண்டும். துரு ஏறியோ ஸ்பிரிங் தளர்ந்தோ எடைகள் விரிந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால், உதைக்கும்போது கூட முழு அட்வான்ஸ் இருக்கும். கேமை விரலால் திருப்பி விடுங்கள், தானாகப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் கழற்றிச் சுத்தம் செய்து, முளைகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

பிளக்கில் ஸ்பார்க் வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பிளக்கைக் கழற்றி, கேப்பை மாட்டி, பிளக்கின் உலோக உடம்பை எஞ்சின் ஃபின் (சூட்டை ஆற்றும் தகடு) மேல் நன்றாகத் தொடும்படி வைத்து, சாவி போட்டு உதையுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றும். சட்டென்று சத்தத்தோடு நீலம் கலந்த வெள்ளையாக விழுந்தால் நல்லது. மஞ்சளாக, சிவப்பாக, நூல் மாதிரி விழுவது வெளியே தெரியும். உள்ளே கம்ப்ரஷனில் அதுவும் விழாது.

ஸ்பார்க் இல்லையென்றால் உடனே பிளக்கை மாற்றிப் பார்ப்பது ஒன்றுதான் நான் ஒப்புக்கொள்ளும் 'மாற்றிப் பார்க்கும்' வேலை. அப்படியும் இல்லை என்றால் கேப்பைக் கழற்றிவிட்டு, வயரின் நுனியை ரப்பர் கைப்பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து ஃபின்னிலிருந்து 5 மி.மீ. தள்ளி வைத்து, மூடியிருக்கும் பாயிண்டை சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்து பாருங்கள். இப்போது ஸ்பார்க் பாய்ந்தால் கேப்தான் குற்றவாளி. கேப்பின் உள்ளே இருக்கும் திருகு வயரின் செம்பில் இறங்காமல் வெறும் ரப்பரைப் பிடித்திருப்பதும் உண்டு. வயர் நுனியில் கால் அங்குலம் வெட்டி, மறுபடி திருகினால் சரியாகும்.

பிளக் இடைவெளி 0.5 முதல் 0.6 மி.மீ. பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எஞ்சின் ஆரோக்கியம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், பசை மாதிரி ஈரக் கரி என்றால் எண்ணெய் மேலே வருகிறது.

பாயிண்டை எப்படிச் சுத்தம் செய்து செட் செய்வது?

வலது பக்கம், டைமிங் கவருக்கு மேலே இருக்கும் வட்ட மூடியைத் திறந்தால் பாயிண்ட் தெரியும். முதலில் பார்க்க வேண்டியது அதன் முகம். இரண்டு முகமும் சாம்பல் நிறத்தில், சமமாக, ஒன்றோடொன்று முழுதாகப் படிகின்றனவா? கருகி, ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் மேடுமாக இருந்தால் கண்டன்சர் மேல் சந்தேகம் வைத்துக்கொள்ளுங்கள்.

லேசாகக் கருத்திருந்தால் மெல்லிய பாயிண்ட் அரத்தாலோ நைசான உப்புத்தாளாலோ இரண்டு இழுப்பு போதும். அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: தூளையும் கைப்பசையையும் எடுக்க வேண்டும். வெள்ளைத்தாள் ஒன்றை பெட்ரோலில் நனைத்து பாயிண்டுக்கு இடையில் விட்டு, மூடவிட்டு இழுங்கள். காய்ந்த தாளால் இன்னொரு முறை. தாளில் கோடு விழாத வரை இழுக்க வேண்டும். விரல் பட்ட எண்ணெய்த் தடம் கூட 6 வோல்ட் வண்டியை நிறுத்திவிடும். கடையிலிருந்து வாங்கிய புதுப் பாயிண்டிலும் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய பூச்சு இருக்கும், அதையும் இப்படித் துடைத்துவிட்டே மாட்ட வேண்டும்.

கேமின் மேடு பாயிண்டின் ஃபைபர் குதிகாலைத் தூக்கியிருக்கும் இடத்தில், அதாவது முழுதாகத் திறந்த நிலையில், ஃபீலர் கேஜ் 0.35 முதல் 0.40 மி.மீ. நுழைய வேண்டும். இழுத்தால் லேசாகப் பிடித்து வர வேண்டும். ஃபைபர் குதிகால் ஓடஓடத் தேயும், இடைவெளி குறையும், டைமிங் பின்னால் போகும். வண்டி இழுக்காது, சைலன்சர் பைப் நீலம் பாயும், எஞ்சின் சூடாகும். மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்தால் அந்த நிலை வராது. கேம் மேல் தீக்குச்சி நுனியளவு கிரீஸ் வைத்தால் குதிகால் நீண்ட நாள் உழைக்கும். அதிகமாக வைத்தால் அது பாயிண்டில் தெறித்து, மறுபடி முதல் கேள்விக்கே வர வேண்டியிருக்கும்.

இடைவெளியை மாற்றிய ஒவ்வொரு முறையும் டைமிங்கைச் சரிபார்க்க வேண்டும். முதலில் இடைவெளி, பிறகு டைமிங். இந்த வரிசை மாறக்கூடாது. அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் ஒருமுறை சரியாக வைத்துக்கொண்டு, பிளேட்டுக்கும் உடம்புக்கும் சேர்த்து ஊசியால் ஒரு கோடு கீறிவையுங்கள்.

கண்டன்சர் கெட்டுவிட்டது என்று எப்படித் தெரியும்?

பாயிண்ட் திறக்கும்போது காயிலில் ஓடிய கரண்ட் சட்டென்று நிற்க மனமில்லாமல் இடைவெளியைத் தாண்டிப் பாயப் பார்க்கும். அந்தத் துள்ளலை கண்டன்சர் வாங்கிக்கொள்வதால்தான் காயிலின் காந்தப்புலம் நொடியில் சரிந்து, பிளக்குக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் கிடைக்கிறது. கண்டன்சர் செத்துப்போனால் பாயிண்டில் பளிச் பளிச்சென்று பெரிய பொறி பறக்கும், பிளக்கில் நூல் மாதிரி ஸ்பார்க்.

இருட்டில் பாயிண்ட் மூடியைத் திறந்துவைத்து வண்டியை ஓட விட்டுப் பாருங்கள். ஊசி முனை அளவு நீலப்பொறி இயல்பு. தீக்குச்சி கிழித்த மாதிரி தெரிந்தால் கண்டன்சரை மாற்றுங்கள். பெயர் தெரியாத டப்பாவில் வரும் கண்டன்சர் மாட்டிய அன்றே சாகலாம், அதனால் நல்லது கிடைக்கும்போது இரண்டாக வாங்கி வையுங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் புதுப்பேட்டையிலும் பழைய ஸ்டாக் கிடைப்பதுண்டு. ஓடிக்கொண்டிருக்கும் பழைய கண்டன்சரை 'எதற்கும் இருக்கட்டும்' என்று மாற்றாதீர்கள்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் நின்றுவிடுகிறது. ஆறினால் கிளம்புகிறது. ஏன்?

சூட்டில் கெடும் பாகம் ஏதோ இருக்கிறது. கண்டன்சரும் காயிலும்தான் முதல் இரண்டு சந்தேகங்கள். நின்ற உடனே, ஆற விடாமல், பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பாருங்கள். எஞ்சின் சுடும், துணி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் மங்கலாக இருந்தால் முதலில் கண்டன்சர், அடுத்து காயில்.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியின் காற்றுத் துளை அடைந்திருந்தால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே போய், வண்டி கிளம்பினால் அதுதான். இரண்டும் இல்லையென்றால் டாப்பெட் (வால்வு இடைவெளி) இறுக்கமாக வைத்திருக்கலாம். சூட்டில் வால்வு முழுக்க மூடாமல் கம்ப்ரஷன் போய்விடும். குளிர்ந்த எஞ்சினில், வால்வுகள் மூடிய நிலையில், புஷ்ராடை (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) விரலால் தடையில்லாமல் சுற்ற முடிய வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது.

மழையில் நனைந்தால் மக்கர் செய்கிறது.

பிளக் கேப், பிளக் வயர், பாயிண்ட் மூடி. இந்த மூன்றையும் காய்ந்த துணியால் துடையுங்கள். பாயிண்ட் மூடிக்கு அடியில் கேஸ்கெட் இல்லாத வண்டிகள் ஏராளம், அதைப் போட்டுவிட்டால் பாதித் தொல்லை போகும். வயர் ரப்பர் வெடித்திருந்தால் இருட்டில் வண்டியை ஓட விட்டு அதன் மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வெடிப்பு வழியாகக் கரண்ட் கசிவது கண்ணுக்கே தெரியும்.

எண்ணூர், திருவொற்றியூர், நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்க்காரர்களுக்கு மழையை விட உப்புக் காற்றுதான் எதிரி. அவர்களுக்குக் கீழே எர்த் பற்றி எழுதியிருப்பது முக்கியம்.

ஸ்பார்க் நன்றாக இருக்கிறது, ஆனாலும் கிளம்பவில்லை.

ஆறு மாதம் நின்ற வண்டியா? பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டுப் புதுசு ஊற்றுங்கள். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸ்களைக் கரைத்துப் பிசுபிசுக்க வைக்கும். கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்பது தெரியும். பைலட் ஜெட்டை (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்ன ஓட்டை உள்ள திருகு) கழற்றி வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள், அடைந்திருந்தால் ஊதியோ மெல்லிய செம்புக் கம்பி இழையாலோ எடுங்கள். ஊசி, இரும்புக் கம்பி போட்டால் ஓட்டை பெரிதாகிவிடும்.

உதைத்து உதைத்துப் பெட்ரோல் நிறைந்துவிட்டால், சாவியை எடுத்துவிட்டு, சோக்கை நீக்கி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்து, டீகம்ப்ரஸரோடு ஏழெட்டு முறை கிக்கரை ஓட்டுங்கள். பிளக்கைத் துடைத்து மாட்டி மறுபடி முயலுங்கள்.

கிக்கர் காலுக்கு இலேசாக இறங்குகிறதா? கம்ப்ரஷன் இல்லை. ரிங் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் டீகம்ப்ரஸர் கேபிளைப் பாருங்கள். கேபிளில் கொஞ்சம் தொய்வு இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் அந்தச் சின்ன வால்வு எப்போதும் ஒரு மயிரிழை திறந்தே இருக்கும். எஞ்சினைத் திறக்கச் சொன்ன வண்டி கேபிள் நட்டைக் கால் சுற்று திருப்பியதில் சரியாவதுண்டு.

பாட்டரி அடிக்கடி இறங்கிப் போகிறது. புது பாட்டரி வாங்கலாமா?

மல்டிமீட்டர் வாங்குங்கள், பாட்டரியை விட மலிவு. இரவு முழுக்க நின்ற பிறகு அளந்தால் நல்ல 12 வோல்ட் பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே என்றால் காலி. 6 வோல்ட் பாட்டரி என்றால் 6.3 இருக்க வேண்டும். பிறகு வண்டியை ஓட விட்டு, கொஞ்சம் முறுக்கிப் பிடித்து பாட்டரி முனைகளில் அளங்கள். 13.5க்கும் 14.5க்கும் இடையே வந்தால் சார்ஜிங் சரி. 6 வோல்ட் வண்டியில் 7 வோல்ட் அளவுக்கு வரவேண்டும்.

மீட்டர் இல்லாவிட்டால் ஆம்மீட்டர் முள். வண்டி கிளம்பியதும் பிளஸ் பக்கம் போய், பாட்டரி நிறைய நிறைய மெல்ல நடுவை நோக்கி வருவது இயல்பு. ஐடிலிங்கில் லைட் போட்டு மைனஸ் காட்டினால் கவலை வேண்டாம். முறுக்கினாலும் மைனஸிலேயே நின்றால் சார்ஜ் ஆகவில்லை.

அப்போது ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் பாகம்) வயர்களைப் பின்தொடருங்கள். அதன் அசையாத சுருளான ஸ்டேட்டர் இடது பக்கம் பிரைமரி செயின் கேஸுக்குள் எண்ணெயில் இருக்கிறது. வயர் வெளியே வரும் இடத்தில் இன்சுலேஷன் கடினமாகி நொறுங்கும். கனெக்டர்களில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அடுத்தது ரெக்டிஃபையர் ரெகுலேட்டர் (அந்தக் கரண்டை பாட்டரிக்கு ஏற்றபடி மாற்றி அளவோடு விடும் பாகம்), அதன் எர்த். சுற்றும் காந்தமான ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையே சுற்றிலும் குறைந்தது 0.2 மி.மீ. சமமான இடைவெளி வேண்டும். ஒரு பக்கம் உரசிய தடம் தெரிந்தால் ஸ்டேட்டர் நட்டுகளைத் தளர்த்தி நடுவில் அமர்த்த வேண்டும்.

சார்ஜிங் சரியாக இருந்தும் பாட்டரி காலையில் இறங்கியிருந்தால், சாவியை எடுத்த நிலையில் ஏதோ கரண்ட் குடிக்கிறது. பாட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, மீட்டரை ஆம்பியரில் வைத்து, இடையில் இணைத்துப் பாருங்கள். சுழிதான் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றிக்கொண்டே வாருங்கள், எண் விழும் இடம் குற்றவாளி. பிறகு மாட்டிய ஹாரன், மொபைல் சார்ஜர் இணைப்புகளிலிருந்து தொடங்குவது நல்லது.

பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் போகின்றன.

பாட்டரி முனை லூஸாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓடும்போது பாட்டரி துண்டித்துப் போனால் ஆல்டர்னேட்டரின் முழு மின்னழுத்தமும் பல்புகள் மேல் விழும். முனை இறுக்கமாக இருந்தும் முறுக்கும்போது 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டரை மாற்ற வேண்டும். பாட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதும் அதன் அடையாளம்.

பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மங்குகிறது, ஹாரன் அடித்தால் லைட் ஆடுகிறது.

எர்த். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பழைய வண்டியில் பாதி சர்க்யூட்டுக்கு இரும்பு உடம்புதான் திரும்பும் வழி. டூமில் உள்ள விளக்குகளின் கரண்ட் ஹேண்டில் பார் கோன்செட்டின் (ஸ்டியரிங் கழுத்து பேரிங்) குண்டுகள் வழியாக, கிரீஸைத் தாண்டி, சேசிஸுக்கு வர வேண்டியிருக்கும். வண்டிக்கு ஆசையாகப் புது பெயிண்ட் அடித்தவர்களுக்கு இந்தத் தொல்லை கட்டாயம் வரும், ஏனென்றால் எர்த் நட்டு உட்காரும் இடமெல்லாம் பெயிண்ட். பவுடர் கோட்டிங் என்றால் இன்னும் மோசம்.

டூமுக்குள் இருந்து பாட்டரியின் எர்த் முனைக்கு நேராக ஒரு தடித்த வயர் ஓட்டுங்கள். எஞ்சினிலிருந்து இன்னொன்று. பாட்டரி எர்த் வயர் சேசிஸைத் தொடும் இடத்தில் உலோகம் பளபளக்கும் வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். இந்த மூன்று வயர் வேலை அரை நாள் எடுக்கும். எத்தனையோ வண்டிகளில் பல வருட மர்மம் அதோடு தீர்கிறது.

எங்கே கசிகிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமா? சாவி போட்டு, பாயிண்ட் மூடிய நிலையில், மீட்டரின் ஒரு முள்ளைப் பாட்டரியின் எர்த் ஆகாத முனையிலும் இன்னொன்றை காயிலுக்குக் கரண்ட் வரும் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையிலுள்ள சாவி சுவிட்சிலோ கனெக்டரிலோ அது தொலைகிறது. அதே மாதிரி எஞ்சின் உடம்புக்கும் பாட்டரியின் எர்த் முனைக்கும் நடுவில் அளங்கள். 12 வோல்ட் பாட்டரி இருந்தும் காயிலுக்கு 10 வோல்ட் போய்ச் சேரும் வண்டிதான், காலையில் இருபது உதை வாங்குகிற வண்டி.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது. தடித்த கம்பி போடலாமா?

கூடாது. சிகரெட் பெட்டி வெள்ளித்தாளும் கூடாது. பெட்ரோல் டேங்குக்கு அடியில் வயர் எரிந்தால் வண்டி மிஞ்சாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், ஸ்டியரிங் கழுத்தில் வயர் நசுங்கி ஷார்ட் ஆவதே அதிகம். அடுத்து சீட்டுக்கு அடியிலும் பின் மட்கார்டு உள்ளேயும்.

சாவியை ஆன் நிலையில் மறந்துவிட்டேன்.

பாயிண்ட் மூடிய இடத்தில் எஞ்சின் நின்றிருந்தால் காயில் வழியாக 3, 4 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். பாட்டரியைச் சார்ஜ் போடுங்கள். பாட்டரியின் ஆம்பியர் அவர் அளவில் பத்தில் ஒரு பங்கு கரண்டில் மெதுவாகச் சார்ஜ் ஆக வேண்டும்: 5 ஆம்பியர் அவர் என்றால் அரை ஆம்பியர். காயிலைத் தொட்டுப் பாருங்கள். தார் கசிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

பாட்டரி செத்துவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

முழுக்கச் செத்திருந்தால் கஷ்டம், பாயிண்ட் வண்டிக்குக் காயிலுக்கு பாட்டரி கரண்ட் வேண்டும். கொஞ்சம் மிச்சம் இருந்தால் எல்லா லைட்டையும் அணைத்து, இரண்டாவது கியரில், சரிவில் தள்ளிப் பாருங்கள். இன்னொரு பைக்கின் பாட்டரியிலிருந்து வயர் போட்டு எடுப்பது நிச்சயமான வழி. உங்கள் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதையும் எந்த முனை சேசிஸில் எர்த் ஆகியிருக்கிறது என்பதையும் கண்ணால் பார்த்துவிட்டு இணையுங்கள்.

6 வோல்ட் வண்டியை 12 வோல்ட்டாக மாற்றலாமா?

மாற்றலாம், ராத்திரியில் ஓட்டுபவர்களுக்கு மிகவும் நல்லது. பாட்டரி, காயில், எல்லா பல்புகள், ஹாரன், ஃபிளாஷர், ரெக்டிஃபையர் ரெகுலேட்டர் மாற வேண்டும். பாயிண்டும் கண்டன்சரும் அப்படியே இருக்கலாம். ஒரே ஒரு 6 வோல்ட் பாகத்தை விட்டுவைத்தாலும் முதல் நாளே எரியும்.

பாயிண்டை எடுத்துவிட்டு மின்னணு இக்னிஷன் போடலாமா?

தினமும் வேலைக்கு ஓட்டுகிறீர்கள், பாயிண்டைப் பார்க்க நேரமில்லை என்றால் போடுங்கள், தவறில்லை. என் வாக்கு பாயிண்டுக்குத்தான். அது கெடுவதற்கு முன்னால் பல நாள் அறிகுறி காட்டும், காட்டு வழியில் நின்றாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் தாளும் இருந்தால் வீடு வந்து சேரலாம். மின்னணுப் பெட்டி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நிற்கும், நின்றால் மாற்றுப் பெட்டி வேண்டும். அந்த வசதிக்கும் பலவீனமான எர்த், லூஸ் கனெக்டர் எல்லாவற்றையும் முதலில் சரி செய்தே ஆக வேண்டும்.

முழு வயரிங்கையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.

வயரை ஒரு இடத்தில் உரித்துப் பாருங்கள். உள்ளே செம்பு சிவப்பாக இருந்தால் வயர் நல்லது, கனெக்டர்களை மட்டும் மாற்றுங்கள். கருத்துப் பொடியாக உதிர்ந்தால், அல்லது வழிநெடுக முறுக்கி டேப் சுற்றிய ஒட்டுகள் இருந்தால், மாற்றுங்கள். பழைய வயரிங்கைக் கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் கிட்டின் நிறங்கள் உங்கள் வண்டியின் நிறங்களோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

நெடும்பயணத்துக்கு எதை எடுத்துச் செல்வது?

இடைவெளி பார்த்து வைத்த ஒரு பிளக், துடைத்துச் சுத்தம் செய்த ஒரு பாயிண்ட் செட், வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்த்துக் கழற்றி வைத்த ஒரு கண்டன்சர், ஃபியூஸ் இரண்டு, இரண்டு மீட்டர் வயர், இன்சுலேஷன் டேப், ஃபீலர் கேஜ், உப்புத்தாள், பிளக் ஸ்பேனர், பாயிண்ட் நட்டுக்குப் பொருந்தும் சின்ன ஸ்பேனர். கண்டன்சரை ஓட்டிப் பார்க்காமல் புதுசாகவே பெட்டியில் போட்டு எடுத்துப் போகாதீர்கள்.